ஆள் வருது

நீ கேட்டது தப்பே இல்ல தாயி. வயசான மனுசனைப் பஸ்ஸு முச்சூடும் கேக்குற மாதிரி வஞ்சா, பாக்குறவங்களுக்கு வயிறு எரியத்தான் செய்யும். "ஏம்மா, பெரியவரைப் போயி இப்படிப் பேசுறீங்களே, பாவமா இல்லையா"ன்னு நீயாவது வாய் விட்டுக் கேட்ட. மத்தவங்க எல்லாம் திரும்பித் திரும்பிப் பாத்து உச்சுக் கொட்டுனதோட சரி. அந்தா மூணாவது சீட்டுல இருக்காளே, பச்சைச் சேலை, அவ இன்னும் முறைச்சு முடிக்கலை. முறைக்கட்டும்.

மதுரைக்குத்தான போற? அப்ப நேரம் இருக்கு, சொல்றேன் கேளு. சன்னலோரம் உக்காந்திருக்கிறவரு என் வீட்டுக்காரரு. பேரை நான் சொல்ல மாட்டேன். இந்தா ஆஸ்பத்திரி ஃபைலு, மேல எழுதியிருக்கும், நீயே படிச்சுக்க. ஆதிமூலமா? ஆங், அதேதான். எம் பேரு சீனியம்மா. "பேருதான் சீனி, வாயி மொளகாவத்தல்"னு எங்க ஊரு பாலையம்பட்டியில சொல்லுவாங்க. அதெல்லாம் சும்மா. எனக்குக் கோவமே வராது தாயி. சத்தம்தான் கொஞ்சம் பெருசு. வேணும்னா ஊருக்குள்ள யாரை வேணாலும் கேட்டுப் பாரு. இல்ல எவளாச்சும் வரும்னு சொல்லட்டும், நான் அவளை... ஏய்யா! கையை உள்ள வையி! எதுக்க வர்ற லாரிக்காரனுக்குக் கை குடுக்கப் போறியா? கையி என்ன, உனக்குக் கடையில கொசுறாக் குடுத்ததா?

பாத்தியா, சிரிக்கிறாரு. ஞாபகத்துல வச்சுக்க அந்தச் சிரிப்பை.

சத்தம் எங்க இருந்து வந்துச்சுன்னா, இருபத்தாறு வருசம் காரியாபட்டிப் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்துல சத்துணவுல சமைச்சேன். முன்னூறு பிள்ளைக. தட்டைத் தூக்கிக்கிட்டு ஓடி வரும் பாரு, தேன் கூட்டைக் கலைச்ச மாதிரி. மைக்கு இல்லாம அம்புட்டுப் பேரையும் வரிசையில நிறுத்துனவ நான். அந்தத் தொண்டை வீட்டுக்கு வந்தா மட்டும் சின்னதாவா ஆகும்?

இவருக்குக் கல்குறிச்சிக்கிட்ட ஒரு பஞ்சு மில்லுல வேலை. ரெண்டு பேருக்கும் ஒரே பஸ்ஸு. இதே ரோடுதான். பஸ்ஸு அருப்புக்கோட்டையில கிளம்பி எங்க ஊரு வழியாத்தான் போகும். நாங்க வீட்டுக்கு முன்னால நின்னு ஏறிக்கலாம். இந்த மனுசன் என்ன செய்வாருன்னா, ரெண்டரை கிலோமீட்டர் பின்னால நடந்து அருப்புக்கோட்டை பஸ் ஸ்டாண்டுக்குப் போயி அங்க இருந்து ஏறிட்டு வருவாரு. வடக்க போறவன் தெக்க நடந்து போயி பஸ் ஏறுவானா? ஏன்யான்னு கேட்டா, "அங்கதான் டீ நல்லாருக்கும்"பாரு. ஒரு கிளாஸ் டீக்கு இப்படி நாக்கைத் தொங்கப் போட்டுக்கிட்டு அலையுற மனுசனை நீ கண்டிருக்கியா?

போயி உக்காந்து, பக்கத்து சீட்டுல எனக்காக ஒரு துண்டைப் போட்டு வச்சிருப்பாரு. யாரு வந்து கேட்டாலும் ரெண்டே வார்த்தை. "ஆள் வருது." அதுக்கு மேல ஒரு எழுத்து பேச மாட்டாரு. சண்டைக்கு வந்தாலும் "ஆள் வருது." கண்டக்டர் வந்து கேட்டாலும் "ஆள் வருது." நான் பாலையம்பட்டியில ஏறுவேன், துண்டை எடுப்பாரு, உக்காருவேன். உக்காந்த உடனே ஆரம்பிச்சுருவேன். அடுப்படியில தண்ணித் தவலையைத் தொறந்து போட்டது, பிள்ளைக்குச் சீவுன சீப்பைச் சோத்துப் பானை மேல வச்சது, எல்லாத்துக்கும் சேத்து கல்குறிச்சி வர்ற வரைக்கும் வைவேன். அவரு இறங்கிப் போயிருவாரு. இருபத்தாறு வருசம் எங்க குடும்பம் நடந்த லட்சணம் இதுதான்.

சரி, வியாதிக்கு வாரேன். மூணு வருசம் இருக்கும். கொத்தமல்லி வாங்கப் போனவரு ஒரே காலையில மூணு தடவை போயி மூணு கட்டு வாங்கிட்டு வந்தாரு. வஞ்சேன். சேவிங் கிரீமைப் பிதுக்கிப் பல்லு வெளக்குனாரு. வாயெல்லாம் நுரை. வஞ்சேன். மில்லு மூடிப் பதினோரு வருசம் ஆச்சு, ஒரு நாள் காலையில குளிச்சு, சட்டை மாட்டி, தூக்குவாளியைக் கையில வச்சுக்கிட்டு, "சோத்தைப் போடு, ஷிப்டுக்கு நேரமாச்சு"ன்னாரு. அன்னைக்கு வையலை தாயி. தூக்குவாளியைக் கையில இருந்து வாங்கி வச்சுட்டு, கதவைத் தாப்பாப் போட்டேன்.

ஆளுக்கு ஒரு வைத்தியம் சொன்னாங்க. வல்லாரையை அரைச்சுக் குடுன்னாங்க. குடுத்தேன், நாக்கு பச்சையானதுதான் மிச்சம். கயிறு மந்திரிச்சுக் கட்டுன்னாங்க, கட்டுனேன். அதை எங்க கழட்டி வச்சாருன்னு அவருக்கே ஞாபகம் இல்ல. கடைசியில மதுரைக்குக் கூட்டிட்டுப் போனேன். டாக்டர் படம் எல்லாம் எடுத்துப் பாத்துட்டு நிதானமாச் சொன்னாரு. "அம்மா, இது வயசானா எல்லாருக்கும் வர்ற மறதி இல்ல. மூளையில வர்ற வியாதி. அல்சைமர்னு பேரு. அவரு எதையும் வேணும்னு செய்யலை, அதை மொதல்ல மனசுல போட்டுக்கங்க. மாத்திரை கொஞ்ச காலம் தாங்கிப் பிடிக்கும், போனதைத் திருப்பித் தராது. நேத்து நடந்தது மொதல்ல போகும். வருசக்கணக்காப் பழகுனது கடைசியில போகும்"னாரு.

அங்கேயே, வீட்டுல வச்சுப் பாத்துக்கிறவங்களுக்குன்னு மாசம் ஒரு கூட்டம். ரெபேக்கா மேடம்னு ஒரு பொண்ணு நடத்தும். உன் வயசுதான் இருக்கும், தங்கமான பிள்ளை. ஒரு காகிதம் குடுத்துச்சு. எதுத்து வாதாடக் கூடாது. "ஞாபகம் இருக்கா, ஞாபகம் இருக்கா"ன்னு பரீட்சை வைக்கக் கூடாது. கண்ணாடியைப் பாத்துப் பயந்தாருன்னா துணியைப் போட்டு மூடிரணும். கக்கூஸ் கதவுல படம் ஒட்டணும். குரலைத் தாழ்த்தி, மரியாதையா, சிரிச்ச முகமாப் பேசணும்.

நான் எதையும் அரைகுறையாச் செய்ய மாட்டேன். காகிதத்துல போட்ட அம்புட்டையும் செஞ்சேன். அந்தக் கடைசியில போட்டிருந்ததையும் செஞ்சேன், அதுதான் வினை. "ஐயா, காப்பி சாப்பிடுறீங்களா ஐயா?" "குளிக்கப் போலாங்களா ஐயா?" "அப்படிங்களா, ரொம்ப நல்லதுங்கய்யா." எனக்கே என் குரலு யாரோ பேசுற மாதிரி இருந்துச்சு. ரெண்டாம் நாளே பக்கத்து வீட்டு முனீஸ்வரி சுவத்துக்கு மேல எட்டிப் பாத்து, "அக்கா, உடம்புக்கு முடியலையா? சத்தத்தையே காணோம்"னு கேட்டா. காப்பியை அவரு படுக்கையில ஊத்துனா, "பரவால்லைங்கய்யா." செருப்பைக் கொண்டு போயி அரிசிப் பானைக்குள்ள வச்சா, "நல்ல இடங்கய்யா." பல்லைக் கடிச்சு எனக்குத் தாடையே வலிச்சுப் போச்சு.

மூணாவது வாரம் தட்டுல சோறு வச்சுட்டு எதுத்தாப்புல உக்காரப் போனேன். மனுசன் படக்குன்னு எந்திரிச்சு நின்னுட்டாரு. வேட்டியை இறக்கி விட்டுக்கிட்டு, "வாங்கம்மா. அவ இன்னும் வரலையே"ங்கிறாரு.

"யாரு வரலைங்கய்யா?"

"எம் பொண்டாட்டி. சத்துணவுல இருக்கா. நீங்க ஆபீசரம்மாதான? முட்டை எண்ண வந்திருக்கீங்களா?"

சிரிக்காத தாயி. சரி, சிரி, நானும் மொதல்ல சிரிச்சேன். பக்கத்து சேர்ல உக்காரப் போனா, தோள்ல கெடந்த துண்டை எடுத்து அதுல போட்டாரு. "இங்க வேணாங்கம்மா. ஆள் வருது."

அன்னையில இருந்து அந்த நீலக்கலர் சேர் எனக்கு இல்ல. என் வீட்டுல, நான் வாங்குன சேர்ல, எனக்கு எடம் இல்ல. எனக்கு எடம் பிடிச்சு வச்சுக்கிட்டு என்னையே உக்கார விட மாட்டேங்குறாரு. இதை நான் எந்தக் கோர்ட்டுல போயிச் சொல்ல?

நான் விடுவனா? ஆபீசரம்மாவா ஆயிட்டோம், விசாரணையை நடத்திரலாம்னு, "உங்க சம்சாரம் எப்படிங்கய்யா?"ன்னு கேட்டேன். கையைக் கட்டிக்கிட்டுச் சொல்றாரு. "நல்லா சமைப்பாம்மா. ஒரு முட்டையில கை வைக்க மாட்டா. பிள்ளைக கேக்காமலே ரெண்டாந்தடவை போடுவா. வாயி மட்டும் கொஞ்சம் ஜாஸ்தி. அதை ரிப்போர்ட்டுல எழுதிராதீங்கம்மா, வேலைக்கு ஆபத்தாயிரும்."

நாப்பத்தோரு வருசத்துல என் சமையலை நல்லாருக்குன்னு அவரு ஒரு நாளும் சொன்னது இல்ல தாயி. அதுக்கு எவளோ ஒரு ஆபீசரு வரணுமாம்! அந்த ஆபீசரு மேல எனக்கு வந்துச்சு பாரு ஒரு ஆத்திரம்.

இன்னொரு நாள் கேட்டேன். "எதுக்குங்கய்யா பஸ் ஸ்டாண்டு வரைக்கும் பின்னால நடந்து போறீங்க? டீ அம்புட்டு நல்லாருக்குமோ?" அவரு அங்கிட்டு இங்கிட்டு பாத்துட்டுக் குரலை இறக்கிச் சொல்றாரு. "டீயா? அது அவகிட்டச் சொல்றதும்மா. பஸ்ஸு பாலையம்பட்டிக்கு வரும்போது நிக்கக்கூட எடம் இருக்காது. அவ நாள் பூரா அடுப்புக்கிட்ட நிக்கிறவ. கால்ல நரம்பு சுருட்டிக்கிட்டுக் கெடக்கு. போகும்போதாவது உக்காந்து போகட்டும்னுதான். சொன்னா அதுக்கும் வைவா."

அடுப்படிக்குப் போயிட்டேன். போயி நின்னு அழுதேன். வெங்காயம் உரிச்சேன்னு முனீஸ்வரிகிட்டச் சொன்னேன், அவ நம்புனாளோ என்னமோ. இருபத்தாறு வருசம் அந்தத் துண்டு போட்ட எடத்துல உக்காந்துக்கிட்டு அந்த மனுசனை வஞ்சிருக்கேன் தாயி. இருந்தாலும் டீயும் குடிச்சிருப்பாரு. அதை விட மாட்டேன்.

இனிமே கொஞ்சம் பையப் பேசுவோம். இந்தக் கதை அவரு காதுல விழ வேணாம். சன்னல்ல வேடிக்கை பாக்குறாரா? பாக்கட்டும்.

பொறகு சாப்பாடு நின்னு போச்சு. "அவ வரட்டும், சேந்து சாப்பிடுறேன்"பாரு. "நாந்தாங்கய்யா அவ"ன்னு சொன்னா, பாவம்னு பாக்குற மாதிரி ஒரு பார்வை. "இல்லைங்கம்மா, நீங்க பெரிய எடம். அவ இப்படிப் பேச மாட்டா"ம்பாரு. அதையும் என் மரமண்டை பிடிச்சுக்கலை பாரு, வாயாலயே சொல்லியிருக்காரு! சாயங்காலம் ஆனாத் துண்டைத் தோள்ல போட்டுக்கிட்டு வாசலுக்கு வாசல் நடப்பாரு. ஒரு நாள் மத்தியானம் நான் துணி காயப்போட்ட நேரத்துல ஆளைக் காணோம். ஊரே தேடுச்சு. அருப்புக்கோட்டை பஸ் ஸ்டாண்டுல, மதுரை பஸ்ஸுல, துண்டைப் போட்டு உக்காந்திருக்காரு. கண்டக்டர் இவரு சட்டைப் பையில இருந்த சீட்டுல என் நம்பரைப் பாத்துப் போன் போட்டாரு. "ஒரு பெரியவரு ரெண்டு டிரிப்பா இறங்க மாட்டேங்குறாரும்மா, ஆள் வருதுன்னு சொல்றாரு. யாரும் வரலை"ன்னாரு.

யாரும் வரலையாம். அந்தச் சொல்லு என்னை அறுத்துருச்சு. அவரு தேடுறது என்னை. நான் போயி எதுத்தாப்புல நின்னாலும் நான் வந்ததா ஆகலை.

எங்களுக்கு ஒரே மக, இந்துமதி. ஓசூர்ல இருக்கா. விசயம் தெரிஞ்சு ஓடி வந்தா. நல்ல பிள்ளை, அவளைக் குறை சொல்ல மாட்டேன். "அங்க ஒரு இல்லம் இருக்கும்மா. நான் போயிப் பாத்துட்டு வந்தேன். நர்ஸு இருக்காங்க, தோட்டம் இருக்கு, கேட்டுல ஆள் இருக்கு. உனக்கும் பிரசர். அப்பா விழுந்தா உன்னால தூக்க முடியுமா?"ன்னா. எல்லாம் நியாயம். கடைசியா ஒண்ணு சொன்னா. "அவருக்குத்தான் உன்னையே தெரியலையேம்மா. இங்க இருந்தா என்ன, அங்க இருந்தா என்ன?"

 பொறந்ததுல இருந்து எனக்கு வாயில்லாமப் போனது அந்த ஒரு தடவைதான். இல்லம்னா கெட்டதுன்னு நான் சொல்ல வரலை, தாயி. எங்க கூட்டத்துல ஒரு அம்மா தன் வீட்டுக்காரரை அப்படித்தான் கொண்டு போயி விட்டுச்சு, அவரு நல்லாத்தான் இருக்காரு. ஆனா, இந்த மனுசன் அங்க போயும் பக்கத்துல ஒரு துண்டைப் போட்டு வச்சுக்கிட்டு உக்காந்திருப்பாரே. அங்க யாரு வந்து அதை எடுக்கச் சொல்லுவா? இருந்தும் சரின்னுட்டேன். ஞாயித்துக்கிழமை காலையில காரு வந்துருச்சு. மருமகன் ஓட்டிக்கிட்டு வந்தாரு. நான் உள்ள பையில அவரு வேட்டி, சட்டை, மாத்திரை எல்லாத்தையும் எடுத்து வைக்கிறேன். 

எங்க தெருவுல நல்ல தண்ணி பன்னண்டு நாளைக்கு ஒரு தடவைதான் வரும். முந்தின நாள்தான் வந்துச்சு. அஞ்சு குடத்தை விளக்கி, தண்ணி பிடிச்சு, துணி கட்டி வாசல் நடையில வரிசையா வச்சிருந்தேன். பையைத் தூக்கிக்கிட்டு வெளிய வாரேன். மனுசன் வேட்டியை மடிச்சுக் கட்டிக்கிட்டு நாலாவது குடத்தைத் தூக்கிக் காரு மேல ஊத்திக்கிட்டு இருக்காரு! மூணு குடம் ஏற்கெனவே சாக்கடைக்குப் போயிருச்சு. என்னைப் பாத்ததும், "ஆபீசரம்மா கிளம்புறீங்கன்னாங்க. ஜீப்பு ஒரே தூசியா இருந்துச்சும்மா, அதான் கழுவி விட்டேன்"ங்கிறாரு.

நல்ல தண்ணி தாயி! பன்னண்டு நாள் தண்ணி! மூணு மாசமாப் பல்லுக்குள்ள கடிச்சு வச்சிருந்த அம்புட்டும் மொத்தமாக் கிளம்பிருச்சு. இப்பச் சத்தமாச் சொல்ல முடியாது, நீயே சத்தத்தைச் சேத்துக்க.

"ஏய்யா! கூறுகெட்ட மனுசா! ஆத்துல போட்டாலும் அளந்து போடுன்னு சொல்லுவாங்க, நீ குடத்தோட கவுக்குறியே, இது உங்க அப்பன் வெட்டுன கெணறா? குடிக்கிற தண்ணியில காரைக் குளிப்பாட்டுனவன் இந்த ஜில்லாவுல உண்டாய்யா? மில்லுல பஞ்சை எங்கய்யா நூத்த, பூராத்தையும் மண்டைக்குள்ளயா அடைச்சுக்கிட்ட? நான் இடுப்பொடியத் தூக்கிட்டு வந்த தண்ணிய்யா அது! எறக்கு குடத்தை! எறக்குய்யா!"

தெருவே வெளிய வந்துருச்சு. முனீஸ்வரி சுவத்து மேல ஏறியே உக்காந்துட்டா. இந்துமதி, "அம்மா, அம்மா, காகிதத்துல என்ன போட்டிருக்கு, பையப் பேசும்மா"ன்னு என் முந்தானையைப் பிடிச்சு இழுக்குறா. தடுக்கப் போன மருமகன் பாவம், தலையில இருந்து தண்ணி சொட்டச் சொட்ட நிக்கிறாரு.

இவரு குடத்தை மெதுவாக் கீழ எறக்கி வச்சாரு. என்னையே பாத்தாரு. அந்த மொகம் எப்படி மாறுச்சுங்கிறதை எனக்குச் சொல்லத் தெரியலை தாயி. "வந்துட்டியா சீனி?"ன்னாரு. "எங்கடி போயிருந்த? எம்புட்டு நாளா எடம் போட்டு வச்சிருக்கேன்? ஒரு ஆபீசரம்மா வேற வந்து உன்னையக் கேட்டுக்கிட்டே இருந்தாங்க." தோள்ல கெடந்த துண்டை எடுத்து, அந்த ஈரக் காருக்குள்ள பின் சீட்டைத் தட்டித் தொடைச்சு விட்டாரு. "ஏறு. உக்காரு"ன்னாரு.

இந்துமதி ரோட்டுல அப்படியே குத்த வச்சு உக்காந்து அழுதா. நான் அழலை. அழ எங்க நேரம்? "மொதல்ல உள்ள வந்து சோத்தைத் தின்னுய்யா, தின்னுட்டு ஊர்கோலம் போலாம்"னு வஞ்சுக்கிட்டே கூட்டிட்டுப் போயிட்டேன். பக்கத்துல நீலச் சேர்ல உக்காந்தேன். மூணு தோசை தின்னாரு. காரு கழுவுன காரா, இவரு இல்லாமலே ஓசூருக்குத் திரும்பிப் போச்சு.

அடுத்த கூட்டத்துல ரெபேக்கா மேடத்துக்கிட்ட இதைச் சொல்றதுக்குள்ள எனக்கு வெக்கமாப் போச்சு. நீங்க சொன்னதை மீறிட்டேம்மான்னேன். அந்தப் பிள்ளை கோவிக்கலை. எழுதிக்கிட்டிருந்த பேனாவை மூடி வச்சுச்சு. "அம்மா, நான் பொதுவாச் சொன்னேன், உங்க வீட்டைக் கேக்காமச் சொல்லிட்டேன். மொகமும் பேரும் அவருக்கு நழுவிருச்சு. நீங்க பேசுற அந்த ராகம் இன்னும் இருக்கு. நாப்பது வருசம் கேட்ட ராகம். ஆனா நெசமாக் கோவப்பட்டீங்கன்னா அதுவும் அவருக்குத் தெரியும், பயந்துருவாரு. கோவத்தை எடுத்துட்டு ராகத்தை மட்டும் வச்சுக்கங்க"ன்னுச்சு. கூட்டத்துல இருந்த ஒரு பேங்க் சாரு எந்திரிச்சு, தன் சம்சாரத்துக்கு ஸ்கூட்டர் ஹாரன் சத்தம் கேட்டாத்தான் பொழுது விடியும், வீட்டுக்குள்ளயே ஹாரன் அடிச்சுக்கிட்டு இருக்கேன்னாரு. அம்புட்டுப் பேரும் சிரிச்சோம். அழுத கண்ணோடதான் சிரிச்சோம்.

அதான் தாயி. நீ பாத்தது கோவம் இல்ல. எனக்குத்தான் கோவமே வராதே. மாத்திரை குடுக்கும்போது வைவேன். குளிப்பாட்டும்போது, "முதுகைக் காட்டுய்யா, முதுகா இது, அருப்புக்கோட்டை ரோடா"ன்னு வைவேன். அவரை வைய ஒண்ணும் கிடைக்கலைன்னா காக்காயை வைவேன், கேஸ் சிலிண்டரை வைவேன், டிவியில வர்றவனை வைவேன். சத்தம் வந்தாப் போதும், மனுசன் நிம்மதியா உக்காந்திருப்பாரு. சாயங்காலம்தான் கொஞ்சம் கூடுதலா வையணும். அந்த நேரத்துலதான் கிளம்பப் பாப்பாரு.

தினமும் பலிக்கும்னு சொல்ல மாட்டேன். சில நாள் தொண்டை கிழியக் கத்துனாலும், "வாங்கம்மா, முட்டை எண்ணணுமா"ம்பாரு. அன்னைக்கு நான் ஆபீசருதான், என்ன செய்ய? எண்ணிட்டுப் போறது. ஒரு நாள் இந்த ராகமும் போயிரும்னு மேடம் சொல்லிருச்சு, ஒளிச்சு வைக்கலை. எனக்குப் பயமா இருக்கு தாயி. நெசமாவே பயமா இருக்கு. அதனாலதான் எம்புட்டு முடியுமோ அம்புட்டையும் இப்பவே வஞ்சு வச்சுக்கிறேன்.

அட, காரியாபட்டி வந்துருச்சு பாரு, பேசுன பேச்சுல தெரியலை. அஞ்சு நிமிசம் நிக்கும். இவருக்குப் பசிக்கும். நான் இறங்கி வெரசா ரெண்டு உளுந்த வடை வாங்கிட்டு வாரேன். நீ இந்த ஓரத்துல உக்காந்தபடியே காலை நீட்டி வச்சுக்க, இவரை இறங்க விடாத. இறங்கப் பாத்தா, "ஆள் வருது, உக்காருங்க"ன்னு சொல்லு, போதும்.

இந்தா தாயி, உனக்கும் ஒண்ணு வாங்குனேன், சூடா இருக்கு, ஊதித் தின்னு. கொஞ்சம் வழி விடு, உள்ள போறேன்...

என்னது இது? துண்டா?

போச்சு போ. நான் இறங்குன உடனே போட்டுட்டாரா? உன்கிட்டயும் சொன்னாரா, ஆள் வருதுன்னு? சரிதான். எல்லாம் நான் செஞ்ச வேலை. அரை மணி நேரமா உன்கிட்டக் குசுகுசுன்னு பேசிக்கிட்டே வந்தேன்ல, மனுசன் என்னையத் தொலைச்சுட்டாரு.

"ஐயா, கொஞ்சம் எடம் விடுறீங்களா?"

கேட்டியா? "மன்னிச்சுக்கங்கம்மா, எம் பொண்டாட்டி வருவா, அவளுக்குக் காலு வலிக்கும்"ங்கிறாரு. கண்டக்டர் தம்பி, இருப்பா, விசில் ஊதாத. பச்சைச் சேலை, நல்லாத் திரும்பியே பாத்துக்கம்மா, காசா பணமா. தாயி, நீ காதைப் பொத்திக்க.

ஏய்யா! யாருக்குய்யா எடம் பிடிக்கிற? வடையைத் தூக்கிக்கிட்டு ஒருத்தி நிக்கிறது கண்ணுக்குத் தெரியலையா?

பாக்குறாரு. பாக்குறாரு தாயி. இன்னும் பிடிபடலை.

ஏய்யா, கூறுகெட்ட மனுசா! இருபத்தாறு வருசமா இதே துண்டைப் போட்டியே, ஒரு நாளாச்சும் துவைச்சுப் போட்டியாய்யா? அழுக்குத் துண்டைப் போட்டு அரசாங்க பஸ்ஸையே வளைச்சுப் போடப் பாக்குறியா? டீக்குப் போனேன், டீக்குப் போனேன்னு பொய் சொல்லி ரெண்டரை கிலோமீட்டர் நடந்தியே, எவகிட்டக் கத்துக்கிட்ட இந்தப் பொய்யை? எடுய்யா துண்டை! காலு வலிக்குதுய்யா எனக்கு!

...

"வந்துட்டியா சீனி? உக்காரு, உக்காரு. ஏன் இம்புட்டு நேரம்?"

வடை வாங்கப் போனேன்யா. தின்னு. சட்டையில சிந்தாமத் தின்னு.

நீ எதுக்குத் தாயி அழுகுற? வசவு வாங்குனவரே சிரிக்கிறாரு. கண்ணைத் தொடை, வடை ஆறிரும். கொஞ்சம் அங்கிட்டுத் தள்ளிக்க. ஆள் வந்துருச்சு.